ஃபேஸ்லிஃப்ட்: தூக்குவது கன்னத்தை... கத்தி படுவது ஏன் காதோரம்? தழும்பை எங்கே மறைக்கிறார்கள்? முழு விவரம்

ஒரு பிரபலம் திடீரென்று பத்து வயது குறைந்த மாதிரி வந்து நின்றால் போதும். பழைய போட்டோவையும் புது போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணையும் கன்னத்தையும் ஜூம் செய்து அலச ஒரு கூட்டமே கிளம்பிவிடும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் பார்க்கும் இடமே வேறு. அவர்கள் பார்ப்பது காதை!

ஆமாங்க, காதுதான். முகத்தில் தொங்கும் சதையைத் தூக்கிவிடும் ‘ஃபேஸ்லிஃப்ட்’ ஆபரேஷனில் கத்தி படும் இடம் பெரும்பாலும் காதைச் சுற்றித்தான். கன்னம் எவ்வளவு அழகாக வந்தாலும், காதோரத்தில் ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தால் குட்டு உடைந்துவிடும்.

அமெரிக்க ஃபேஷன் டிசைனர் மார்க் ஜேக்கப்ஸ் 2021 ஜூலையில், ஃபேஸ்லிஃப்ட் முடிந்த கையோடு முகம் முழுக்கக் கட்டுப்போட்ட படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். ரியாலிட்டி ஷோ பிரபலம் கிரிஸ் ஜென்னர் 2025-ல் ‘ஆமாம், செய்துகொண்டேன்’ என்று வெளிப்படையாகவே சொன்னார். முன்பு ரகசியமாக இருந்த விஷயம் இப்போது ரீல்ஸ் வரை வந்துவிட்டது. நம்ம ஊர் கிளினிக் விளம்பரங்களிலும் ‘தழும்பே தெரியாது’ என்ற வாசகம் சகஜமாகிவிட்டது.

தழும்பே தெரியாதா? உண்மையில் காதைச் சுற்றி எங்கே கீறுகிறார்கள்? அதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அது என்ன ஃபேஸ்லிஃப்ட்?

வயது ஏற ஏற முகத்தோல் தளரும். கன்னத்துக் கொழுப்பு கீழே இறங்கும். தாடையோரம் சதை தொங்கும். கழுத்தில் மடிப்பு விழும். இதைச் சரிசெய்யும் ஆபரேஷன்தான் ஃபேஸ்லிஃப்ட்.

போடாக்ஸ், ஃபில்லர் எல்லாம் ஊசி சமாச்சாரம். த்ரெட் லிஃப்ட் என்பது நூலை உள்ளே விட்டு இழுப்பது. ஃபேஸ்லிஃப்ட் அப்படி இல்லை. தோலைக் கீறி, கன்னத்துத் தோலை அடியிலிருந்து பிரித்து, அதற்குக் கீழே இருக்கும் திசுவை மேலே தூக்கித் தைத்து, மிச்சமாகும் தோலை வெட்டி எடுத்து, மறுபடி தைப்பார்கள். முழு ஆபரேஷன் இது. வெட்டி எடுத்த தோல் திரும்ப வராது. அதனால்தான் எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

காதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, கன்னம் முடிந்து காது தொடங்கும் இடத்தில் இயற்கையாகவே ஒரு கோடு இருக்கிறது. அந்த இடத்தில் கோட்டைப் பார்த்துப் பழகிய நம் கண், இன்னொரு மெல்லிய கோடு அங்கே சேர்ந்தால் சந்தேகப்படாது.

இரண்டு, மேலே கிருதா, பின்னால் பிடரி முடி, நடுவில் காதின் பின்புறப் பள்ளம். ஒளிந்துகொள்ள இத்தனை இடம் முகத்தில் வேறெங்கும் கிடையாது.

மூன்று, தொங்கும் கன்னத்தைத் தூக்க வேண்டிய திசையே மேல்புறமாகவும் பின்புறமாகவும்தான். அந்த வழியில் இழுத்தால் மிச்சத் தோல் வந்து சேரும் இடம் காதோரம்.

120 ஆண்டுக் கதை

ஜெர்மனியின் பெர்லின் நகரில் யூஜென் ஹொலாண்டர் என்ற டாக்டர், போலந்து நாட்டுச் சீமாட்டி ஒருவருக்கு 1901-ல் இந்தச் சிகிச்சையைச் செய்ததாக 1932-ல் எழுதினார். முடி தொடங்கும் கோட்டிலும் காதோரத்திலும் சின்னச் சின்னத் தோல் துண்டுகளை வெட்டி எடுத்துத் தைத்தார். அவ்வளவுதான் அன்றைய ஃபேஸ்லிஃப்ட்.

பாரிஸில் சூசான் நோயல் என்ற பெண் டாக்டர் இதே துறையில் பெயர் பெற்றார். 1926-ல் அவர் எழுதிய புத்தகம், அழகு அறுவை சிகிச்சைக்கு ஒரு சமூகப் பங்கு இருக்கிறது என்று வாதாடியது. வயதான தோற்றம் என்பதற்காகவே வேலை பறிபோகும் பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். இன்றைக்கும் இந்தச் சிகிச்சையைத் தேடுபவர்கள் எல்லோரும் வெறும் ஆசைக்காக வருவதில்லை என்பதை அந்தக் கதை நினைவூட்டுகிறது.

அந்தக் காலத்து முறையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். தோல் ரப்பர் மாதிரி. இழுத்து வைத்தால் சில மாதத்தில் மறுபடி நெகிழும். நெகிழும்போது தையல் போட்ட இடத்தையும் சேர்த்து இழுக்கும். விளைவு, கன்னமும் இறங்கிவிடும், தழும்பும் அகலமாகிவிடும்.

1976-ல் மித்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள், கன்னத்துத் தோலுக்கு அடியில் ஓடும் ஒரு தசைநார்ப் படலத்தை விளக்கி எழுதினார்கள். அதன் சுருக்கப் பெயர் ‘ஸ்மாஸ்’. இழுக்க வேண்டியது இந்தப் படலத்தைத்தான், தோலை இல்லை என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுவானது. 1990-ல் அமெரிக்க டாக்டர் சாம் ஹாம்ரா, படலத்துக்கும் கீழே போய், தோலையும் படலத்தையும் சேர்த்தே தூக்கும் ‘டீப் பிளேன்’ முறையை விவரித்தார். இன்று விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர் இதுதான்.

இதற்கும் காதோரத் தழும்புக்கும் என்ன சம்பந்தம்? நேரடி சம்பந்தம். பாரத்தை உள்ளே இருக்கும் படலம் தாங்கினால், வெளியே இருக்கும் தோலை இழுக்காமல் சும்மா பொருத்தித் தைக்கலாம். இழுவிசை இல்லாத தையல் மெல்லிய கோடாக ஆறும். இழுத்துப் பிடித்த தையல் பட்டையாக விரியும். எந்த இடத்தில் கீறினாலும் இந்த விதி மாறாது.

சரி, இப்போ காதைச் சுற்றி வருவோம். உங்க போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் சுலபமாகப் புரியும். இந்தக் கீறலை ஒரு பஸ் ரூட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்க. மொத்தம் ஐந்து ஸ்டாப்.

முதல் ஸ்டாப்: நெற்றிப்பொட்டும் கிருதாவும்

கீறல் தொடங்கும் இடம் இது. இங்கே இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, முடிக்கு உள்ளே கீறுவது. தழும்பு முடிக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்னத்துத் தோலை மேலே தூக்கும்போது கிருதாவும் சேர்ந்து மேலே ஏறும். கொஞ்சம் தூக்கினால் பரவாயில்லை. நிறைய தூக்கினால், காதுக்கு முன்னால் முடியே இல்லாத வெற்றுத் தோல் தெரியும். இளமையில் கண்ணின் வெளி ஓரத்துக்கும் பக்கவாட்டில் முடி தொடங்கும் கோட்டுக்கும் இடையே பொதுவாக 4 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அது இதைவிட விரிந்தால் முகம் இளமையாகத் தெரியாது, ஏதோ செய்திருக்கிறார்கள் என்றுதான் தெரியும்.

இரண்டாவது வழி, முடி தொடங்கும் கோட்டை ஒட்டியே கீறுவது. கிருதா இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் தழும்பு முடிக்கு வெளியே, பார்வை படும் இடத்தில் வரும். இதற்கும் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். கத்தியைச் செங்குத்தாக இறக்காமல் சாய்த்துக் கீறுவார்கள். அப்படிச் செய்தால் வெட்டுப்பட்ட விளிம்புக்கு அடியில் முடியின் வேர்கள் உயிரோடு இருக்கும். சில மாதத்தில் அந்த வேர்களிலிருந்து முடி தழும்பைத் துளைத்துக்கொண்டு முளைக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? இயல்பாகவே கிருதா மேலே ஏறியிருப்பவர்களுக்கும், முடி அடர்த்தி குறைந்தவர்களுக்கும், நிறைய தோல் நகர வேண்டியவர்களுக்கும் கோட்டை ஒட்டிய கீறல் பொருத்தம். கிருதா அடர்த்தியாகவும் கீழே வரையும் இருந்து, தோல் கொஞ்சமே நகரப்போகிறது என்றால் முடிக்குள் கீறலாம். தழும்பைச் சரிசெய்ய வழி இருக்கிறது. காணாமல் போன கிருதாவைத் திரும்பக் கொண்டுவர முடி மாற்று சிகிச்சைதான் செய்ய வேண்டிவரும்.

இரண்டாவது ஸ்டாப்: டிராகஸ்

யாராவது காது கிழியக் கத்தினால், காதுத்துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மொட்டு மாதிரி ஒரு குருத்தெலும்பை விரலால் அழுத்திக் காதை அடைப்போம் இல்லையா? இயர்பட்ஸ் மாட்டினால் முன்பக்கம் அணைத்துப் பிடித்துக்கொள்வதும் அதுதான். அதன் பெயர் டிராகஸ். ஃபேஸ்லிஃப்ட்டில் அதிகம் விவாதிக்கப்படும் இடம், கடுகளவு இருக்கும் இந்த மொட்டுதான்.

கீறல் இதற்கு முன்னால் போக வேண்டுமா, பின்னால் போக வேண்டுமா?

முன்னால் போனால்: கன்னத்துக்கும் டிராகஸுக்கும் நடுவே இருக்கும் மடிப்பில் கோடு விழும். டிராகஸை யாரும் தொடவே இல்லை, அதனால் அதன் வடிவம் கெடாது. ஆனால் கோடு நேருக்கு நேர் பார்வை படும் இடத்தில் இருக்கும். கன்னத்துத் தோலும் காதுத் தோலும் நிறத்தில் வேறுபட்டிருந்தால், வயதின் காரணமாக அங்கே ஏற்கெனவே ஆழமான மடிப்பு இருந்தால், இந்த வழியே நல்லது. கோடு அந்த மடிப்போடு மடிப்பாகக் கலந்துவிடும். மடிப்பே இல்லாத வழவழப்பான தோலில் போட்டால் தனியாகத் தெரியும்.

பின்னால் போனால்: கோடு டிராகஸின் உள்விளிம்பில் ஓடும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பெண்களுக்கு நிறைய டாக்டர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் இதற்குக் கை நேர்த்தி வேண்டும். டிராகஸ் மேல் இருக்கும் தோல் காகிதம் மாதிரி மெல்லியது. அங்கே இப்போது கன்னத்துத் தோல் வந்து உட்காரப் போகிறது. அது தடிமனானது, அடியில் கொழுப்பு உள்ளது. அந்தக் கொழுப்பைச் சுரண்டி மெலிதாக்காமல் போர்த்தினால், டிராகஸ் தன் வடிவத்தை இழந்து மொழுக்கென்று ஆகிவிடும்.

அதைவிட மோசமான இன்னொன்றும் நடக்கலாம். தோலை இழுத்துப் போர்த்தினால், ஆறும்போது தோல் சுருங்கி டிராகஸை முன்பக்கமாகச் சாய்த்துவிடும். அப்போது மறைந்திருக்க வேண்டிய காதுத்துளை திறந்த கதவு மாதிரி தெரியும். கோடு தெரியாது, ஆனால் காதே காட்டிக்கொடுத்துவிடும்! அதனால்தான் இந்த இடத்தில் தோலைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டுத் தைப்பார்கள்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இறக்கக் கூடாது. காதின் மேல்வளைவு தொடங்கும் இடத்தில் வளைந்து, டிராகஸின் அடியில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் திரும்பி, காதின் ஏற்ற இறக்கத்தோடு போக வேண்டும். நேர்க்கோடு இயற்கையில் கிடையாது. அதனால் நேர்க்கோடுதான் முதலில் கண்ணில் படும்.

மூன்றாவது ஸ்டாப்: தோடு போடும் சோணை

டிராகஸைத் தாண்டி கீறல் காதுச் சோணையை வந்து சுற்றும். நம்ம ஆட்களுக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். தோடு, ஜிமிக்கி எல்லாம் இங்கேதானே!

இங்கே நடக்கும் பிரபலமான தவறுக்கு ‘பிக்ஸி இயர்’ என்று பெயர். ஆங்கிலக் கதைகளில் வரும் பிக்ஸி என்ற குட்டி தேவதையின் காது மாதிரி, சோணை கீழ்ப்பக்கம் இழுபட்டு, வளைவு இல்லாமல் கன்னத்தோடு ஒட்டிப்போவது. காரணம் மறுபடியும் இழுவிசைதான். கன்னத்துத் தோலின் பாரத்தைச் சோணை மேல் தொங்கவிட்டால், சில மாதத்தில் அது சோணையைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. சோணை ஒட்டும் மடிப்பிலேயே கீறாமல், ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி, சோணையோடு கொஞ்சம் தோலை விட்டுக் கீறுவது ஒன்று. மற்ற இடங்களை எல்லாம் தைத்து முடித்த பிறகு, கடைசியாகச் சோணையை எந்த இழுவையும் இல்லாமல் அதன் இடத்தில் உட்காரவைப்பது இன்னொன்று.

கனமான தோடு போட்டுப் போட்டு துளை நீண்டு போனவர்கள், சோணையே தொங்கிப் போனவர்கள் அதைச் சரிசெய்வதையும் இதோடு சேர்த்துச் செய்துகொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கலாம். கீறலைத் திட்டமிடும்போதே அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஆபரேஷன் அன்று காலை கேட்டால் லேட்.

நான்காவது ஸ்டாப்: காதுக்குப் பின்னால்

சோணையைச் சுற்றிவிட்டு கீறல் பின்பக்கம் ஏறும். காதுக்கும் மண்டைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதே, கண்ணாடி போடுபவர்களுக்கு ஃபிரேம் உட்காரும் இடம், அங்கேதான்.

பள்ளத்தில் கீறினால் தழும்பு பள்ளத்தில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இருக்காது. ஆறும்போது தழும்பு மெல்லக் கீழே நகரும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் பள்ளத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் மேலே, காதின் பின்பக்கத்திலேயே கீறுவார்கள். நகர்ந்த பிறகு சரியாகப் பள்ளத்தில் வந்து நிற்கும்.

ஐந்தாவது ஸ்டாப்: பிடரி முடி

கழுத்துத் தோலையும் இறுக்க வேண்டும் என்றால் கீறல் காதோடு நிற்காது. காதின் பின்பக்கத்திலிருந்து வெறும் தோலைக் கடந்து பிடரி முடிப் பக்கம் போகும். அந்தக் கடக்கும் இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு நல்லது. காதே அதை மறைத்துக்கொள்ளும். தாழ்வாகக் கடந்தால் பின்னால் நிற்பவர் கண்ணில் படும்.

பிறகு மறுபடி அதே கேள்வி: முடிக்குள்ளா, முடியோரமா?

முடிக்குள் போனால் தழும்பு மறையும். ஆனால் நிறைய தோலை வெட்டி எடுத்தால், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று முடி தொடங்கும் வரிசை படிக்கட்டு மாதிரி உடைந்து போகும். முடியோரமாகப் போனால் வரிசை உடையாது. ஆனால் கோடு வெளியே இருக்கும். தலைமுடியை விரித்துப் போடுபவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தினமும் கொண்டை போட்டு பூ வைப்பவர்களுக்கும், குட்டையாக கிராப் வெட்டுபவர்களுக்கும் அந்தக் கோடு ஊருக்கே தெரியும்.

ஆகவே உங்க தலைமுடியை எப்படி வாருவீங்க என்று டாக்டர் கேட்டால், அது பேச்சுக்குக் கேட்கும் கேள்வி இல்லை. கத்தியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்.

ஆண்களுக்கு ஏன் வேறு கணக்கு?

ஒரே காரணம், தாடி.

ஆண்களுக்குக் கன்னத்தில் தாடி வளரும் தோலுக்கும் டிராகஸுக்கும் நடுவே முடியில்லாத ஒரு குட்டி இடைவெளி இருக்கும். டிராகஸுக்குப் பின்னால் கீறி, கன்னத்துத் தோலை இழுத்து அதன் மேல் போர்த்தினால் என்ன ஆகும்? டிராகஸ் மேலேயே தாடி முளைக்கும். தினமும் காது மொட்டையே ஷேவ் செய்ய வேண்டிய நிலைமை. அதனால் ஆண்களுக்குப் பெரும்பாலும் முன்பக்கக் கீறல்தான். அந்த முடியில்லாத இடைவெளியில் கொஞ்சமாவது மிச்சம் வைக்கப் பார்ப்பார்கள். பின்பக்கம்தான் வேண்டும் என்றால், அந்தத் தோலில் இருக்கும் முடி வேர்களை அழிக்க வேண்டிவரும்.

கழுத்துத் தோல் மேலே வருவதால் சிலருக்குக் காதுக்குப் பின்னாலும் ஷேவ் செய்ய வேண்டிவரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது டாக்டரின் கடமை. தாடிக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், ஆபரேஷனுக்குப் பிறகு தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கும் வாய்ப்பும் பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

‘குட்டித் தழும்பு’ முறை எல்லோருக்கும் பொருந்துமா?

காதுக்கு முன்னால் மட்டும் கீறி, பின்பக்கத்தை விட்டுவிடும் முறைகளும் உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த டோனார்ட், வெர்பேல் என்ற டாக்டர்கள் 2002-ல் விவரித்த ‘மேக்ஸ் லிஃப்ட்’ இந்த வகையில் பிரபலம். சோணையின் அடியில் தொடங்கி கிருதா வரை மட்டுமே கீறல். உள்ளே இருக்கும் திசுவைச் சுருக்குப்பை மாதிரி தையல் போட்டு மேலே தூக்குவார்கள்.

தழும்பு பாதி. ஆனால் கழுத்துத் தோல் நிறைய தொங்குபவர்களுக்கு இது போதாது. மிச்சத் தோல் போக இடமில்லாமல் சோணைக்குக் கீழே சுருக்கமாகக் குவியும். கீறல் குட்டியாக இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் முகத்துக்கு எது தேவையோ அதை வைத்துத்தான் கீறலின் நீளம் முடிவாக வேண்டும். விளம்பரத்தை வைத்து முடிவாகக் கூடாது.

நம்ம தோலுக்குத் தனிக் கவனம்

இந்த அறுவை சிகிச்சை பற்றி நெட்டில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் கொண்டவர்களுடையவை. நம் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் தழும்பு கருத்துப் போகும் வாய்ப்பு அதிகம். சிலருக்குத் தழும்பு தடித்து, காயத்தின் எல்லையையும் தாண்டி கட்டி மாதிரி வளரும். அதைத்தான் ‘கெலாய்டு’ என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய துப்பு உங்க காதிலேயே இருக்கலாம். காது குத்திய இடத்தில் எப்போதாவது உருண்டையாகச் சதை வளர்ந்ததா? அம்மைத் தழும்போ, தடுப்பூசித் தழும்போ தடித்துப் போனதா? வீட்டில் யாருக்காவது அப்படி இருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்க. சிகிச்சையே வேண்டாம் என்று அவர் சொன்னாலும் சொல்வார். செய்வதாக இருந்தால், சிலிக்கான் ஜெல், தழும்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி என்று முன்னேற்பாடுகளோடு செய்வார்.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு எச்சரிக்கை

கன்னத்துத் தோலை அடியிலிருந்து பிரிக்கும்போது அதற்கு வரும் ரத்த ஓட்டம் குறையும். கீறலின் கடைக்கோடியில், குறிப்பாகக் காதுக்குப் பின்னால், ரத்தம் போய்ச் சேருவதே சிரமம். நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், அந்தத் தோல் செத்து, கருத்து உரிந்து, அசிங்கமான தழும்பாக மாறலாம்.

1984-ல் அமெரிக்க டாக்டர் தாமஸ் ரீஸும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தோல் செத்துப்போகும் ஆபத்து புகைப்பவர்களுக்கு சுமார் 12 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. அதனால் ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தும், முடிந்த பிறகும் சிகரெட்டை நிறுத்தச் சொல்வார்கள். ‘ஒண்ணே ஒண்ணு’ என்று டாக்டரிடம் மறைத்தால், நஷ்டம் உங்க காதுக்குத்தான்.

முடிந்த பிறகு என்ன நடக்கும்?

முதல் 24 மணி நேரம் மிக முக்கியம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, வலி அதிகமானால் தோலுக்கு அடியில் ரத்தம் தேங்குகிறது என்று அர்த்தம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காதுக்கு முன்னால் போட்ட தையலைப் பொதுவாக ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள். பின்பக்கத் தையல் இன்னும் சில நாள் இருக்கும். தழும்பு முதலில் சிவந்தோ கருத்தோ இருக்கும். பிறகு மெல்ல வெளிறும். அதன் இறுதி வடிவம் தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். அதுவரை வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காதும் கன்னமும் சில வாரங்கள், சில மாதங்கள் மரத்துப் போயிருப்பது சகஜம். ஆனால் காதுக்கு உணர்ச்சி தரும் பெரிய நரம்பு ஒன்று, காதுத்துளைக்கு சுமார் 6.5 சென்டிமீட்டர் கீழே கழுத்துத் தசையைக் கடந்து மேலே வருகிறது. ஃபேஸ்லிஃப்ட்டில் அதிகம் காயப்படும் நரம்பு அதுதான். அது வெட்டுப்பட்டால் சோணையின் மரப்பு நிரந்தரமாகலாம். தோடு மாட்டுவதுகூட கண்ணாடி பார்த்துத்தான் என்ற நிலை வரும். முகத்தை அசைக்கும் நரம்புக்கு அடிபடுவது இதைவிட அரிது. ஆனால் அதன் விளைவு பெரிது: புருவம் தூக்குவதிலோ உதட்டின் அசைவிலோ கோணல் வரலாம்.

முதல் கீறல் ஏன் முக்கியம்?

ஃபேஸ்லிஃப்ட் செய்தாலும் வயது நிற்காது. சில வருடங்கள் கழித்து இரண்டாவது முறை செய்துகொள்பவர்கள் உண்டு. கிரிஸ் ஜென்னரும் சுமார் 15 வருட இடைவெளிக்குப் பிறகே இரண்டாவது முறை செய்துகொண்டதாகச் சொன்னார்.

இரண்டாவது முறை வரும்போது, புதுத் தழும்பு சேராமல் இருக்க பழைய கோட்டிலேயே கீறத்தான் டாக்டர் விரும்புவார். முதல் கோடு நல்ல இடத்தில் இருந்தால் வேலை சுலபம். கிருதா ஏற்கெனவே ஏறிப் போயிருந்தால், சோணை இழுபட்டிருந்தால், முதலில் அதைச் சரிசெய்யவே தோல் தேவைப்படும். ஆனால் எடுக்கத் தோல் மிச்சம் இருக்காது. ஆகவே முதல் ஆபரேஷனின் கோடு, அடுத்த 15 வருடத்துக்கான முடிவும்கூட.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. என் கிருதா எவ்வளவு மேலே ஏறும்? முடிக்குள் கீறுவீங்களா, முடியோரமா? ஏன்?

2. டிராகஸுக்கு முன்னாலா, பின்னாலா? என் காதுக்கு அது ஏன் பொருத்தம்?

3. பின்பக்கக் கோடு எங்கே முடியும்? கொண்டை போட்டால் தெரியுமா?

4. மார்க்கர் பேனாவால் கோட்டை வரைந்து கண்ணாடியில் காட்ட முடியுமா?

5. நீங்க ஆபரேஷன் செய்தவர்களின் காதைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் எடுத்த, ஒரு வருடம் கழிந்த படங்கள் இருக்கின்றனவா? முன்பக்கப் படம் மட்டும் காட்டினால் பாதிக் கதைதான் தெரியும்.

6. ரத்தம் தேங்கினால் ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும்? தழும்பு மோசமானால் திருத்துவதற்கு யார் செலவு?

டாக்டரின் தகுதியையும் கேளுங்க. எம்.எஸ். முடித்து எம்.சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, அதற்கு இணையான டி.ஆர்.என்.பி. பட்டம் பெற்றவரா, அல்லது காது-மூக்கு-தொண்டை சிகிச்சை படித்து முகச் சீரமைப்பில் தனிப்பயிற்சி எடுத்தவரா என்று பாருங்க. தேசிய மருத்துவ ஆணைய இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் டாக்டரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கேட்டால் கோபப்படும் டாக்டரிடம் கழுத்தை நீட்ட வேண்டிய அவசியம் இல்லை.

செலவையும் மறந்துவிட வேண்டாம். அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மற்ற மருத்துவ சேவைகளுக்குக் கிடைக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு கிடையாது, 18 சதவீத வரி உண்டு. மருத்துவக் காப்பீடும் பொதுவாகக் கிடைக்காது. சொன்ன தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்க.

அப்போ ‘தழும்பே தெரியாது’ என்பது?

தோலைக் கீறினால் தழும்பு உண்டு. அதில் மாற்றமே இல்லை. நல்ல டாக்டரால் அதை மெல்லியதாக்க முடியும், மடிப்பிலும் முடியிலும் நிழலிலும் ஒளித்து வைக்க முடியும். ‘தழும்பே வராது’ என்பவரைவிட, ‘உங்களுக்குத் தழும்பு இந்த இடத்தில் வரும், இதனால்தான்’ என்று பேனாவை எடுத்து வரைந்து காட்டுபவரை நம்பலாம்.

முகத்தை மாற்றிக்கொள்வதும் வேண்டாம் என்று இருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் கையெழுத்துப் போடும் முன், அந்தக் கோடு உங்க காதில் எந்த வழியாகப் போகப்போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சை குறித்த எந்த முடிவையும் தகுதியுள்ள மருத்துவரை நேரில் சந்தித்து ஆலோசித்த பிறகே எடுக்கவும்.)